ஜும்மா நேரத்து நாற்காலி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்களிடம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருக்கிற வேலை என்றால், “வாட்ச்மேன் மாதிரியா மாமி?” என்கிறார்கள். மாதிரி என்ன மாதிரி, வாட்ச்மேனேதான். மூன்றாம் மாடியில் ஏசி போட்டு உட்கார வைத்திருக்கிற வாட்ச்மேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவேன். தை மாதத்தில் நின்று பேச நேரமும் இருக்காது. தைத்தேர்க் கூட்டத்துக்குள் புகுந்து பஸ் காவிரிப் பாலத்தை எட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என் பெயர் வேதவதி. கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் அந்தக் கம்பெனியில் பகல் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. சுவர் முழுக்கத் திரைகள். ஆஸ்பத்திரி, காலேஜ், அரிசி மில், நகைக்கடை என்று எங்களிடம் காவலுக்கு ஒப்படைத்தவர்களின் கம்ப்யூட்டர்களில் வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் திரையில் எச்சரிக்கை வந்து விழும். விழுவதில் முக்கால்வாசி ஒன்றுமில்லாதது. யாரோ பாஸ்வேர்டை மறந்துபோய்த் தட்டுத்தட்டென்று தட்டியிருப்பார்கள். ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்று மூடுவதும், இருப்பதை விடாமல் பிடிப்பதும்தான் எங்கள் பிழைப்பு. உள்ளே நுழையுமுன் செல்போனை வாசல் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே பார்த்ததை வெளியே பேசக்கூடாது, பெற்ற தாயிடம்கூட. அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எல்லாரும் வேலைக்குச் சேர்கிறோம்.

எனக்குக் கீழே இருக்கிறவர்களில் ஹஃப்ஸா கெட்டிக்காரி. மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள். அவள் திரைக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார்ப்பாள். பாலக்கரையில் வீடு. அப்பா அப்துல் சுக்கூர் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி மில்லில் ஆபீஸ் மேனேஜர். அந்த மில் எங்கள் வாடிக்கையாளர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டாள். ஆகவே அந்த மில் சம்பந்தப்பட்ட எதுவும் அவள் கைக்குப் போகாதபடி வைத்திருந்தோம்.

வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை, இளையவர்கள் மூடிய எச்சரிக்கைகளில் சிலவற்றைப் பெரியவர்கள் மறுபடி திறந்து சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஹஃப்ஸா பிரவீன்ராஜ் மூடியவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவீன்ராஜ் நல்ல பையன்தான், ஆனால் மூடுவதில் அவனுக்கு அலாதிப் பிரியம். திடீரென்று ஹஃப்ஸா எழுந்து நின்றாள். கையை மவுஸிலிருந்து எடுத்து, சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், இதுலேருந்து என்னை எடுத்துடுங்க. அது எங்க அத்தா ஐடி.”

நான் போய்ப் பார்த்தேன். மில்லின் வியாபாரிகள் பட்டியல், யாருக்கு என்ன விலை, எந்த ஊருக்கு எந்த ரகம் என்கிற விவரங்கள் எல்லாம் சுக்கூர் கணக்கிலிருந்து கொத்துக்கொத்தாக நகலெடுக்கப்பட்டு வெளியே போயிருந்தன. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளிலும். பிரவீன்ராஜ் ஒவ்வொன்றின் கீழும், அதே மெஷின், அதே ஆள், ஆபீஸ் நேரம், வழக்கமானது என்று எழுதி அழகாக மூடியிருந்தான்.

“இது அவங்க இல்ல மேடம்,” என்றாள் ஹஃப்ஸா. “வெள்ளிக்கிழமை அந்த நேரத்துல ஜும்மாவுக்குப் பள்ளிவாசல்ல இருப்பாங்க. மழை பெஞ்சாலும் போவாங்க, லாரி காத்துக் கெடந்தாலும் போவாங்க.”

“இத மகளா சொல்றியா, எஞ்சினியரா சொல்றியா?”

“மகளுக்குத் தெரியும். எஞ்சினியர்தான் இன்னும் நிரூபிக்கல.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவளைக் காலேஜ் திரைப் பக்கம் மாற்றிவிட்டு, பிரவீன்ராஜை அழைத்து நாலு வார்த்தை கேட்டேன். ஒரே ஆள் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் இவ்வளவு அள்ளுகிறாரே, ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டாமா என்றதற்கு, எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால்தான் சந்தேகம் வரவில்லை மேடம் என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அறிந்த ஜும்மா நேரம் எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குத் திங்களும் வெள்ளியும் ஒன்றுதான்.

மில் முதலாளி ஜகன்னாத்துக்கு நானே போன் செய்தேன். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். சில மாதங்களாகவே அவர் விலை சொல்லும் இடத்திலெல்லாம் இன்னொருவன் முந்திக்கொண்டு சற்றுக் குறைத்துச் சொல்லி வியாபாரத்தைக் கொத்திக்கொண்டு போயிருக்கிறான். எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு விடை கிடைத்தாற்போல் ஆகிவிட்டது. சுக்கூர் பாயா, சுக்கூர் பாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நேரத்தில் அவர் தொழுகைக்குப் போய்விடுவாராமே என்றேன். கேட்டைத் தாண்டிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன், அப்புறம் நான் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவேன், ஆபீஸுக்குப் பின்வழி ஒன்று இருக்கிறது, கேமரா எடைமேடையைத்தான் பார்க்கிறது என்றார். பள்ளிவாசலில் போய் விசாரிக்கட்டுமா என்றும் கேட்டார். விசாரித்த மறுநிமிஷம் மண்ணச்சநல்லூர் பூராவும் சுக்கூர் பாய் திருடனாமே என்று ஆகிவிடும், நாளைக்கு அவர் இல்லை என்று தெரிந்தால் அந்தப் பேச்சை யார் திரும்ப அள்ளுவது என்று கேட்டேன். கொஞ்சம் அடங்கினார்.

இதில் ஒரு சிக்கல். எடைமேடையைப் பழுது பார்க்கிறவர்கள் வெளியூரிலிருந்தே சரிசெய்ய வசதியாக, சுக்கூர் மெஷினில் ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் வழியாக உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தத் திரையை இயக்கலாம். அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நகலெடுத்த கை நாற்காலியில் இருந்தவர் கையா, அந்த மென்பொருள் வழியாக நீண்ட கையா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் இருந்த பதிவுகள் போதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, நடக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. எதுவும் மில்லைத் தாண்டி வெளியே போகாதபடி வழியை அடைத்துவிடலாம், ஆனால் எடுக்க வருகிறவன் வரட்டும் என்று முடிவு செய்தோம்.

போனை வைக்குமுன் ஜகன்னாத் ஒன்று சொன்னார். “மேடம், அவர் பொண்ணு உங்க ஆபீஸ்லதான் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஒண்ணுமே நடக்கலன்னு வைங்க, அவருக்குத் தகவல் போயிடுச்சுன்னுதான் நான் எடுத்துக்குவேன். அதுக்கப்புறம் நான் போலீஸுக்குப் போறத யாரும் தடுக்கக் கூடாது.”

நியாயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நானே முதலாளியாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், சரி என்று போனை வைத்தேன். ஹஃப்ஸாவைக் கூப்பிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரை வீட்டில் மூச்சுவிடக் கூடாது. அவள் தலையை ஆட்டினாள். லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது, அத்தாவிடமிருந்து வந்திருந்த செய்தியைக் காட்டினாள். வரும்போது பெரிய கடைவீதியில் பேரீச்சம்பழம் வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தார். வாங்கிட்டு வாங்க என்று பதில் அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம் ஹஃப்ஸாவின் அம்மா வஹீதா எனக்குப் போன் செய்தார். நேற்றிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடவில்லை, அத்தா முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, ஆபீஸில் ஏதாவதா என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, யாராவது பையனா மேடம் என்றார். காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, வேலை கொஞ்சம் அதிகம் என்றேன். நம்பவில்லை. அப்போ நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டு அவளிடம் நீங்களே பேசுங்கள் என்றார். போகக்கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது. அவளைத் தனியாக விடக்கூடாது என்று இன்னொரு பக்கம் தோன்றியது. போனேன்.

பாலக்கரையில் அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. மேல்மாடி வீடு, படியேறும்போதே தேங்காய்ப்பால் வாசனை வந்தது. எனக்கென்று இடியாப்பம், தேங்காய்ப்பால், காய்கறிக் குருமா. எல்லாமே புதுச் சட்டியில் செய்தது, முட்டைகூடப் படாத சட்டி என்று வஹீதா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஆபீஸ் கேன்டீனில் எந்தச் சட்டி என்று கேட்டா சாப்பிடுகிறேன், உட்காருங்கள் நீங்களும் என்று அவரையும் உட்கார வைத்தேன். சார்ஜாவில் இருக்கும் மகன் வசீம் வீடியோவில் வந்து சலாம் சொல்லிவிட்டுப் போனான்.

சுக்கூர் பாய் மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. விடுமுறை நாளிலும் அவர் சட்டையில் நெல் அவிக்கும் வாசனை லேசாக இருந்தது. பேச ஆரம்பித்தால் மில்லைத் தவிர வேறு பேச்சில்லை. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது, லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, பனியில் நனைந்த நெல்லைக் கொண்டுவந்து காய்ந்தது என்று சாதிக்கிறார்கள், ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தால் தெரிந்துவிடும், மெஷின் அதற்கப்புறம்தான் சொல்லும் என்றார். பாய்லரில் உமி எரிகிற சூட்டில் தையிலும் வியர்க்கும் என்றார். ஹஃப்ஸா தட்டில் இருந்த ஒரே இடியாப்பத்தை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசிக்கொண்டே இன்னொன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது எனக்கு. அந்த மனிதர் திருடியிருக்க மாட்டார் என்பதை அங்கேயே, அந்தக் கையைப் பார்த்தே முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் முடிவை வைத்து ஜகன்னாத் என்ன செய்வார்?

லாரிகள் இப்படி நின்றால் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எப்படிப் போவீர்கள் என்று வஹீதாதான் கேட்டார். நான் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டேன்.

“பூவரசன் இருக்கான்ல,” என்றார் சுக்கூர் பாய். எடைமேடையில் நிற்கிற ஆளாம். “நான் மெஷினத் தொறந்து வெச்சிட்டுப் போயிடுவேன். லாரி வந்தா அவன் வந்து சீட்டப் பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டுப் போவான். அவன் சமயபுரத்துக்குப் பால்குடம் எடுக்கிற அன்னிக்கு எடைமேடைய நான் பாத்துக்குவேன். எத்தனையோ வருஷமா இப்படித்தான் ஓடுது.”

“பூட்டிட்டு, பாஸ்வேர்ட அவர்கிட்ட சொல்லிட்டுப் போகலாமே அத்தா,” என்றாள் ஹஃப்ஸா. அவள் முகத்தைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் கேட்கிறவள் போலத்தான் இருந்தாள்.

“பூட்டினா, ஒன்ன நம்பலன்னு சொன்ன மாதிரி ஆயிடாதாம்மா? உங்க கம்பெனிக்காரங்க ஒட்டச் சொன்ன தாளு எங்க செவுத்துலதான் இருக்கு, எழுந்து போனா திரையப் பூட்டுங்கன்னு. படிச்சேன். பூவரசனும் படிச்சான். ரெண்டு பேரும் சிரிச்சோம்.”

சிரித்தார்களாம். அந்தத் தாளை எழுதி, படம் போட்டு, வாடிக்கையாளருக்கெல்லாம் அனுப்பியது நான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரில் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் ஹஃப்ஸா என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். சந்து முனையில் இட்லிக் கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகையில் நின்றுகொண்டு அவள் பேசினாள்.

“மேடம், யாருமில்லாத நேரம், தொறந்து கெடக்கிற திரை. மத்த நாள்ல அத்தா சாப்பாட்டக்கூட மேஜையிலதான் சாப்பிடுவாங்க, எழுந்திரிக்கவே மாட்டாங்க. அதனாலதான் வெள்ளிக்கிழமை. வெளியிலேருந்து எவனோ பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான்.”

“பூவரசனா இருந்தா?”

“அவரா இருந்தாலும் வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும். ஆனா அத்தா எப்பவும் போல தொறந்து வெச்சிட்டுப் போகணும். அதுதான் இப்ப எனக்கு வேணும்.”

“பின்ன ஏன் பூட்டச் சொன்ன? எனக்கு உயிரே போச்சு.”

“மாட்டாங்கன்னு தெரியும் மேடம். ஆனாலும் அவங்க வாயாலயே கேக்கணும்னு இருந்துச்சு.” துப்பட்டாவால் புகையை விலக்கினாள். “பூட்டுங்கத்தா, ஒங்க மேல சந்தேகப்படுறாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், அவங்க அன்னிக்கே பூட்டிடுவாங்க. பூட்டினா எவனும் வர மாட்டான். வரலன்னா அத்தாதான்னு ஆயிடும். சாகிற வரைக்கும் அந்தப் பேரு போகாது. நான் வாயத் தொறந்தேன்னா நானே அவங்களக் கொன்ன மாதிரி.”

கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தாள். எனக்கு இதில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் பார்த்துக்கொள்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வேலையில் எனக்கு இருக்கிற ஒரே தலைக்கனம் அதுதான்.

அந்த வாரம் முழுக்க ஹஃப்ஸா காலேஜ் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மில் திரை பக்கம் தலையைத் திருப்பவில்லை. அங்கே பிரவீன்ராஜ் கண்கொத்திப் பாம்பாக இருந்தான். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாம் சொன்னபடி போய்க்கொண்டிருந்தது, வியாழக்கிழமை வரை.

வெள்ளிக்கிழமை காலையில் லாக்கர் முன்னால் நின்றபடி ஹஃப்ஸா முந்தின நாள் நடந்ததைச் சொன்னாள். வேலையிலிருந்து வந்ததும் சுக்கூர் பாய், நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன் என்றிருக்கிறார். பெண் நாளுக்கு நாள் வாடிப் போகிறாள், புத்தூரில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், அழைத்துப் போகப் போகிறேன் என்று பிடிவாதம். லீவு போட்டால் அந்த மெஷினே திறக்காது. எடுக்க எவனும் வரமாட்டான். ஜகன்னாத்துக்கு அது போதும்: பிடிபட இருந்த அன்றைக்குப் பார்த்து லீவு.

“என்னடி பண்ணின?”

“சாப்பிட்டேன் மேடம்.”

எனக்கு விளங்கவில்லை.

“வேற என்ன பண்றது? உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. அம்மாகிட்ட பசிக்குதுன்னேன். கறிக்குழம்பு ஊத்தி நாலு பரோட்டா, அவங்க கண்ணு முன்னாடியே. கல்லு கல்லா எறங்குச்சு. அதுக்கு மேல ஒரு கிண்ணம் பிர்னி. டிவி பாத்து சிரிச்சேன். ஆபீஸ்ல ஒரு பரீட்ச இருந்துச்சு, இன்னிக்கோட முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அத்தா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் மொதலாளிக்குப் போன் போட்டு, வரேன்னுட்டாங்க. நான் பாத்ரூம்ல போய் எல்லாத்தயும் வாந்தி எடுத்தேன்.”

அவள் தோளில் கை வைத்தேன். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு அவள் எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

ஜகன்னாத்திடம் நான் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். அவர் கண்ணாடி அறை சுக்கூர் பாய் மேஜைக்கு நேர் எதிரே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாப்பிட வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள், எழுந்து வராதீர்கள், எதையும் தொடாதீர்கள், என்னோடு லேண்ட்லைனில் மட்டும் இருங்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் போன் வழியாக எனக்கே கேட்டது. பாய் எழுந்துவிட்டார், தொப்பியை எடுத்துக்கொண்டார், கேட்டைத் தாண்டுகிறார் என்று ஜகன்னாத் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். மெஷின் திறந்தே இருந்தது. சற்று நேரத்தில் பூவரசன் வந்து ஒரு சீட்டை அச்செடுத்துக்கொண்டு போனான். அப்புறம் ஒன்றுமில்லை. லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், பாய்லரின் இரைச்சல். ஜகன்னாத் பெருமூச்சு விட்டார். நான் பார்க்காத மாதிரி ஹஃப்ஸாவைப் பார்த்தேன். காலேஜ் திரையில் வந்த ஏதோ ஒன்றை மூடிக்கொண்டிருந்தாள், முதுகு நேராக இருந்தது.

“மேடம், எடுக்கிறான்,” என்றான் பிரவீன்ராஜ்.

சுக்கூர் கணக்கில் நகலெடுப்பு ஆரம்பித்திருந்தது. போனில் மெதுவாகக் கேட்டேன், நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று.

“யாருமே இல்லயே மேடம்.” ஜகன்னாத்தின் குரல் இறங்கிவிட்டது. “பாய் இல்ல. பூவரசன் எடைமேடையில லாரிக்காரனோட சண்ட போட்டுக்கிட்டு இருக்கான், இங்கேருந்தே தெரியுது. சேரு காலியா இருக்கு. ஆனா திரையில அந்த மவுஸ் அம்பு… தானா போகுது மேடம். ஒவ்வொண்ணா தொறக்குது.”

“உங்க போன்ல அத வீடியோ எடுங்க. சேரும் தெரியணும், திரையும் தெரியணும். நிதானமா எடுங்க, அவன் அவசரப்பட மாட்டான். இத்தனை நாள் யாரும் அவன அவசரப்படுத்தலயே.”

அவர் எடுத்தார். நாங்கள் இந்தப் பக்கம், அந்த நிமிஷம் அந்த மென்பொருள் எந்த ஊரோடு பேசுகிறது, யார் பெயரில் உள்ளே வந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் பதிந்துகொண்டோம். போதும் என்றான பிறகு ஒரே தட்டில் வழியை அறுத்துவிட்டான் பிரவீன்ராஜ். பிற்பாடு போலீஸ் கண்டுபிடித்தது, எடைமேடை பழுது பார்க்க வந்துபோன ஓர் ஆளை. வேலையை விட்ட பிறகும் உள்ளே நுழையும் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, போட்டி வியாபாரிக்கு விற்றுவந்திருக்கிறான். அது அவர்கள் கதை.

நான் ஹஃப்ஸாவின் மேஜைக்குப் போய், நாற்காலி காலி என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, காலேஜ் திரையை நான் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் கீழே இருந்து செக்யூரிட்டி வந்து, ஹஃப்ஸா மேடத்தோட அப்பா வந்து நிற்கிறார், போன் போட்டாராம், எடுக்கவில்லையாம் என்றார். லாக்கருக்குள் இருக்கிற போனை யார் எடுப்பது? ஹஃப்ஸா எழுந்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டதும் நானும் கூட இறங்கினேன்.

வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். ஜும்மா முடிந்து வந்தவரைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் ஜகன்னாத் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார். சந்தேகப்பட்டதையும் சேர்த்துச் சொல்லி, மன்னிச்சுக்கோங்க பாய் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது சுக்கூர் பாய்க்குக் கோபம் ஒன்றும் இல்லை. மொதலாளி சந்தேகப்படுவது வழக்கம்தான் மேடம், வியாபாரம் அப்படி என்றார். இனிமேல் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று பூவரசனிடம் சொன்னதற்கு அவன், என்னயவா பாய் என்று கேட்டானாம். இல்லடா, எனக்குத்தான் பூட்டு என்று விளக்குவதற்குள் பெரும்பாடு ஆகிவிட்டதாம். சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

“ஒரு வாரமா ஒனக்குத் தெரியும்.”

“தெரியும் அத்தா.”

“நேத்து சாப்பிட்டியே, அதுவும் இதுக்குத்தானா?”

“நீங்க வேலைக்குப் போகணும் அத்தா. போகலன்னா ஒங்க பேரு போயிருக்கும்.”

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஒன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“ஒரு நாளாவது, அத்தா எடுத்திருப்பாங்களோன்னு…”

“ஒரு நிமிஷம்கூட இல்ல.”

“எடுக்காதவன்னு தெரிஞ்சதால சொல்லல. சரி. நானே எடுத்திருந்தா? அப்ப என்ன பண்ணியிருப்ப? ராத்திரி வந்து, அத்தா, ஒங்களப் புடிக்கப் போறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பதானே?”

ஹஃப்ஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாமா என்று பார்த்தேன். அவள் விடவில்லை.

“இல்லத்தா. அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்டேஷனுக்கு ஒங்ககூட வந்து நின்னிருப்பேன். வக்கீல் பாத்திருப்பேன். ஆனா சொல்லியிருக்க மாட்டேன்.”

சுக்கூர் பாய் அவளையே பார்த்தார். அந்த முகத்தில் வலி இருந்தது, மறைக்கவில்லை அவர். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“கஷ்டமாத்தான் இருக்கும்மா,” என்றார். “ஆனா சரிதான்.”

இன்றைக்கு இது போதும், அவரோடு கிளம்பு என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். போயிட்டு வரேன் மேடம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். என் ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது, நான் மேலே போனேன்.